பாறையில் முதலில் பார்ப்பது வெடிப்பை

திருச்சியில் நிலவியல் கற்பிப்பவருக்குக் கடற்கரை பக்கத்தில் இல்லை. ஆனாலும் கடல் கரையை எப்படி அரிக்கிறது என்ற பாடத்தை அவர் மலைக்கோட்டையிலிருந்தே தொடங்குவார். அங்கே சுத்தியலுக்கு வேலை இல்லை. கண்ணும் உள்ளங்கையும் போதும்.

புதிதாக வரும் மாணவர்கள் ‘இது என்ன பாறை?’ என்று கேட்பார்கள். ‘எங்கே வெடித்திருக்கிறது?’ என்று கேட்கப் பழக்குவதுதான் ஆசிரியரின் வேலை. நெருக்கமான வெடிப்புகள் உள்ள பாறைக்குள் தண்ணீர் இறங்கி, கனிமங்களை மண்ணாக்கிவிடும். வெடிப்பு குறைந்த பகுதி குன்றாக எஞ்சும். சுற்றிலும் சமவெளியாக இருக்க, மலைக்கோட்டை மட்டும் சுமார் 83 மீட்டர் உயர்ந்து நிற்பதை அப்படித்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். 7-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் சிற்பிகள் இங்கே குடைவரை அமைத்ததும் இத்தகைய கட்டுக்கோப்பான கல்லில்தான்.

அடுத்த வகுப்பு காரையில். பெரம்பலூர் மாவட்டத்தின் இந்த மேட்டு நிலம் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த களிமண். இடையிடையே ஜிப்சம் கீற்றுகள் மின்னும். தேடினால் அம்மோனைட் புதைபடிவமும் கிடைக்கும். மலைக்கோட்டையில் வழிந்தோடிவிடும் மழை, இங்கே நிலத்தை ஓடை ஓடையாகக் கீறியிருக்கிறது.

இனி மழையின் இடத்தில் அலையை வைத்துப் பார்க்கலாம். கன்னியாகுமரியின் கடினப் பாறையில் அலை மோதும்போது, வெடிப்புக்குள் சிக்கிய காற்று அழுந்துகிறது. அலை விலகியதும் சட்டென விரிகிறது. இப்படித் திரும்பத் திரும்ப நடந்து, வெடிப்பின் வழியே கல் பெயர்கிறது. அடுக்குப் பாறையாக இருந்தால் சாய்வையும் அளந்தாக வேண்டும். அடுக்குகள் கடலை நோக்கிச் சாய்ந்திருந்தால் அடி அரிபட்டதும் மேலே உள்ளவை சறுக்கி விழும். நிலத்தை நோக்கிச் சாய்ந்திருந்தால் கரை கூடுதல் காலம் தாங்கும்.

கேரளத்தின் வர்க்கலையில் இன்னொரு பாடம் உண்டு. மேலே செம்பாறாங்கல், கீழே மணற்கல்லும் களிமண்ணும். மேலிருந்து இறங்கும் நீர் களிமண்ணில் தடைபட்டு ஊற்றாகக் கசிகிறது. அலை அடிவாரத்தைக் கரைக்கிறது. தாங்கல் போனபின் உறுதியான மேலடுக்கும் சரிகிறது.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள ஸ்ரீரங்கத்தில் இந்தக் கேள்விகள் எதுவும் செல்லாது. இங்கே நிலமே ஆறு கொண்டுவந்த வண்டலும் மணலும். கீழே பூம்புகார், தரங்கம்பாடி வரை டெல்டாக் கரையும் அப்படித்தான். பாறை இல்லாத கரை, வந்து சேரும் மணலை நம்பியே நிற்கிறது. அணைகளில் தேங்கியதும் ஆற்றில் அள்ளியதும் போக மிச்சம்தான் கடலுக்குப் போகிறது.

தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அங்கே கொட்டிய கற்கள் அலையின் வேகத்தைத் தணிக்கும், மணலைக் கொண்டுவராது. அதனால்தான் கரையைக் காக்கத் திட்டமிடுகிறவர்கள் மணல் கணக்கை, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பிலிருந்தே தொடங்க வேண்டும் என்று அந்த நிலவியல் ஆசிரியர் வற்புறுத்துகிறார்.