கொலு ராட்டினமும் சேராத கியரும்

பி.காம் படிச்சு பேங்க்ல குப்பை கொட்டுறவனுக்கும் பல்சக்கரத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க. எல்லாம் கொலுவால வந்த வினை.

தஞ்சாவூர் வீட்டுக் கொலுவுல ஒரு மர ராட்டினம் உண்டு. அப்பா படிக்குப் பின்னாடி உக்காந்து, அச்சுல சுத்தின நூலை மெதுவா இழுப்பார். போன வருஷம் அவர் போயிட்டார், கொலு வைக்கலை. இந்த வருஷம் அம்மா எங்களோட ஜோகுபாளையத்துல. பொம்மைப் பெட்டியும் கூடவே வந்தது. ராட்டினத்தைத் துடைச்சுக்கிட்டே அம்மா கேட்டாங்க, "இதை இனிமே யாருடா சுத்துறது?"

"மோட்டார் வெச்சுடலாம்மா"ன்னு வாயை விட்டேன்.

மகள் ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு வாங்கின மஞ்சள் கலர் பி.ஓ. மோட்டார் ஒண்ணு வீட்டுல கிடந்தது. நிமிஷத்துக்கு 100 சுத்து. அப்படியே மாட்டினா பொம்மை எல்லாம் பறந்துடும். எனக்கு வேண்டியது 6 சுத்து, அதாவது பதினாறுல ஒரு பங்கு. 12 பல் சக்கரம் 48 பல் சக்கரத்தை ஓட்டினா வேகம் நாலுல ஒண்ணா குறையும். அதே மாதிரி இன்னொரு ஜோடி போட்டா 4 x 4 = 16. இது நம்ம டெபிட்-கிரெடிட் மாதிரிதான். வேகத்துல டெபிட் ஆனது இழுக்கிற பலத்துல கிரெடிட் ஆகும், உராய்வுன்னு கொஞ்சம் பேங்க் சார்ஜ் போக :-)

சனிக்கிழமை அல்சூர்ல மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்ல மாறி, சிக்பேட்டையில இறங்கி எஸ்.பி. ரோடுக்கு நடந்தேன். ஒரு கடையில டப்பா நிறைய பிளாஸ்டிக் கியர். பல்லை எண்ணி, கண்ணுக்கு ஒரே சைஸா தெரிஞ்சதை அள்ளிட்டு வந்தேன். வீட்டுல மாட்டினா கடகடன்னு சத்தம். நாலு சுத்துக்கு ஒரு தடவை பல் தாவுது. அம்மா எதுவும் சொல்லலை. அதான் கஷ்டமா இருந்தது.

அப்புறம்தான் வெர்னியர் காலிபரைக் கையில எடுத்தேன். பல் எண்ணிக்கை வேகத்தைத்தான் சொல்லும். ரெண்டு சக்கரம் சேருமா சேராதான்னு சொல்றது 'மாட்யூல்'. வெளி விட்டத்தை மி.மீ.ல அளந்து, பல் எண்ணிக்கையோட 2 கூட்டி வகுத்தா கிடைச்சுடும். சின்ன சக்கரம் 7 மி.மீ., 12 பல்: 7/14 = 0.5. பெரிசு 26.46 மி.மீ., 48 பல்: 26.46/50 = 0.529. அது அங்குலக் கணக்குல செஞ்ச '48 பிட்ச்' சக்கரம்! 25.4ஐ 48ஆல வகுத்துப் பாருங்க, அதே 0.529. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, பல்லுக்குத் தெரியும். முப்பது பைசா உதைச்சா டே-புக் டேலி ஆகாத மாதிரிதான்.

அடுத்த வாரம் காலிபரோடவே போனேன். 48 பல்லுக்கு சரியா 25 மி.மீ. இருக்கறதா பொறுக்கினேன். ரெண்டு அச்சுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்? பல்லைக் கூட்டி மாட்யூலால பெருக்கி பாதியாக்கணும்: 60 x 0.5 / 2 = 15 மி.மீ. ஒரு மயிரிழை கூட விட்டு ஓட்டை போட்டேன், ரொம்ப நெருக்கினா இறுகிடும். 'வார்ம்' கியர் போட்டா ஒரே ஜோடியில வேகம் குறைஞ்சிருக்கும், ஆனா அதை ராட்டினப் பக்கத்துலேர்ந்து கையால சுத்த முடியாது. கொலு பாக்க வர்ற வாண்டுங்க சும்மா இருக்குமா? அதனால சாதா கியரே போதும்னு, கடைசிச் சக்கரத்தை ஒட்டாம இறுக்கமா மட்டும் சொருகினேன். கை பட்டா வழுக்கும், பல் உடையாது.

ராட்டினம் சுத்துச்சு. சத்தமே இல்லை. அம்மா மூக்குக்கண்ணாடியை சரி பண்ணிக்கிட்டு, "அப்பிரதட்சணமா சுத்துதேடா"ன்னாங்க.

திசையை மாத்த நடுவுல இன்னொரு சக்கரம் போடணுமேன்னு நான் பேப்பர் பேனா எடுத்தேன். மகள் வந்தா, மோட்டாரோட ரெண்டு ஒயரையும் இடம் மாத்தி மாட்டினா. அவ்வளவுதான். தங்கமணி சிரிச்ச சிரிப்பு பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

முதல் நாள் சாயங்காலம் சுண்டல் வாங்க வந்த குழந்தைங்க எல்லாம் ராட்டினத்தைத்தான் பாத்துச்சுங்க. அம்மா ரொம்ப நேரம் பாத்துட்டு, "இவ்ளோ மெதுவாத்தான் அவரும் இழுப்பார்"னு சொன்னாங்க.

நீங்களும் கியர் வாங்கப் போனா பல்லை எண்ணுங்க, ஆனா அதோட நிறுத்தாதீங்க. விட்டத்தையும் அளந்துட்டு காசைக் குடுங்க.