செத்தவர்களை யார் எண்ணினார்கள்?

எங்கள் மலாயா ரப்பர் தோட்டத்துப் பெரியவர்கள் பலர் ஜப்பான்காரனை மன்னிக்காமலே கண்ணை மூடினார்கள். அவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகளான நீங்கள் ஜப்பான் கார் ஓட்டுகிறீர்கள், ஜப்பான் கார்ட்டூன் பார்க்கிறீர்கள், அங்கே வேலை கிடைக்குமா என்று விசாரிக்கிறீர்கள். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் ஒரு நாட்டின் பழைய குற்றத்தை எப்படி எடைபோடுவது என்று தெரிந்துகொண்டு போங்கள். வயதானவன் சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் நடந்தது என்னவென்று தெரிய வேண்டும். 1942இல் மலாயாவையும் சிங்கப்பூரையும் பிடித்த ஜப்பானிய ராணுவம், பர்மாவுக்குப் படையும் தளவாடமும் அனுப்ப, சயாமின், அதாவது இன்றைய தாய்லாந்தின், பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டருக்குக் காட்டையும் மலையையும் வெட்டி ரயில் பாதை போட்டது. 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. வேலை செய்தவர்களில் 60,000க்கும் மேற்பட்டோர் நேச நாட்டுப் போர்க் கைதிகள். அவர்களைவிடப் பல மடங்கு அதிகமானோர் ஆசியத் தொழிலாளர்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள். ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி ஆள் சேர்த்தார்கள். ஆள் போதாதபோது பிடித்துக்கொண்டு போனார்கள். காலரா, மலேரியா, வயிற்றுக்கடுப்பு, எலும்பு தெரிய அழுகும் கால் புண். கைதிகளுக்காவது அவர்கள் படையின் டாக்டர்கள் கூடவே இருந்தார்கள். தோட்டத்து ஆட்களுக்கு அதுவும் பெரும்பாலும் இல்லை. கைதிகளில் சுமார் 12,000 பேர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் 90,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மதிப்பீடுதான், எண்ணிக்கை இல்லை.

குற்றம் செய்யாத பெரிய நாடு உலகத்தில் எது? அதனால் ஒரு நாட்டைப் பார்க்கும்போது நான் மூன்று கேள்வி கேட்பேன்.

செய்ததைத் தன் வாயால் சொல்கிறதா? 1995 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் முராயாமா, ஜப்பானின் ஆக்கிரமிப்பால் ஆசிய மக்கள் பட்ட துன்பத்துக்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அது சின்ன விஷயமில்லை. ஆனால் தோக்கியோவில் போரில் மாண்ட வீரர்களுக்கான யசுகுனி ஆலயத்தை ஒட்டிய அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில், இதே பாதையில் ஓடிய சி56 ரக நீராவி இன்ஜின் ஒன்று பளபளவென்று நிற்கிறது. அது அரசாங்கத்தின் அருங்காட்சியகம் அல்ல என்பதும் உண்மை. நியாயம் பேசுகிறவன் இந்த மூன்று உண்மைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தனக்குப் பிடித்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பேசக் கூடாது.

யாரை எண்ணியது? இந்தக் கேள்வி ஜெயித்தவனையும் சுடும். 1945 செப்டம்பரில் நேச நாட்டுக் குழு ஒன்று அந்தப் பாதை நெடுகப் போய் 144 இடுகாடுகளில் 10,549 கல்லறைகளைக் கண்டறிந்தது. இன்று தாய்லாந்தின் காஞ்சனாபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேர் கிடக்கிறார்கள். பெயர், படைப்பிரிவு, வயது பொறித்த கற்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. புல்லை ஒழுங்காக வெட்டி வைத்திருக்கிறார்கள். அதே காட்டில் செத்த தோட்டத்து ஆட்களின் குழிகளை யாரும் அப்படித் தேடவில்லை. ரப்பர் மரம் சீவ அவர்களைக் கப்பலேற்றி வந்தது பிரிட்டிஷ் ஆட்சி. உயிரோடு இருந்தவரை அவர்கள் அதன் குடிகள். செத்த பிறகு கணக்கில் இல்லை. 1944இல் ஜப்பானிய ராணுவமே காஞ்சனாபுரியில் எழுப்பிய நினைவுச் சின்னத்தில் தமிழிலும் வாசகம் உண்டு. கொன்றவன் தமிழில் எழுதி வைத்தான் என்பதால் கொலை குறைந்துவிடாது. ஆனால் காப்பாற்ற வேண்டியவன் அதைக்கூடச் செய்யவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

ஈடு யார் கைக்குப் போனது? 1967 ஒப்பந்தப்படி ஜப்பான் மலேசியாவுக்கு 2.5 கோடி வெள்ளி மதிப்புக்குப் பொருளும் சேவையும் தர ஒப்புக்கொண்டது. நாட்டுக்குக் கப்பல்கள் வந்தன. 2000இல் பிரிட்டிஷ் அரசு, ஜப்பானியரிடம் கைதிகளாக இருந்து உயிரோடிருந்த தன் வீரர்களுக்கு ஆளுக்கு 10,000 பவுண்டு அறிவித்தது. எங்கள் லயத்தில் தாலியறுத்த பாட்டிகளுக்கு இரண்டு பக்கமிருந்தும் ஒன்றும் வரவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, நாளை உங்கள் பக்கத்து மேசையில் உட்காரும் ஜப்பானியப் பையனை முறைக்காதீர்கள். அவன் எதையும் செய்யவில்லை. அவனுக்குக் குற்றம் வராது. ஆனால் தாத்தா கட்டிய வீட்டில் குடியிருப்பவனுக்கு வீட்டோடு கடனும் வருவதுபோல, பொறுப்பு மட்டும் வரும். செய்தவர்களிலும் திருந்தியவர் உண்டு. ஜப்பானிய ராணுவப் போலீசுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த நகாசே தகாஷி, போர் முடிந்ததும் அந்தக் கல்லறை தேடும் குழுவோடு போனார். பின்னாளில் திரும்பத் திரும்பத் தாய்லாந்துக்கு வந்து, காஞ்சனாபுரியில் அந்த ரயில் பாதையின் பாலத்தருகே கோயில் கட்டினார். தன் எதிரில் சித்திரவதை செய்யப்பட்ட போர்க் கைதி எரிக் லோமாக்ஸை 1993இல் அங்கேயே சந்தித்து மன்னிப்புக் கேட்டார்.

கடைசியாக, நம் பங்கு. சயாமுக்கு யார் போக வேண்டும் என்று பல தோட்டங்களில் பெயர் எழுதிக் கொடுத்தவர்கள் கணக்கு எழுதும் கிராணிகளும் வேலை வாங்கும் கங்காணிகளும்தான். அவர்களிலும் தமிழர் இருந்தார்கள். பயந்து எழுதியவர் உண்டு, வேண்டாதவனைத் தொலைக்க எழுதியவரும் உண்டு என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அதை நாம் மேடையில் பேசுவதில்லை. செத்தவர்களுக்குக் காஞ்சனாபுரியில் நாம் நடுகல் நட்டதே 2023இல்தான். 80 வருஷம் நாமும் எண்ணவில்லை.

ஆகவே உங்கள் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் யார், எந்தத் தோட்டம், திரும்பினாரா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். பெயரில்லாமல் 90,000 என்று சொன்னால் எந்த நாடும் தலையாட்டிவிட்டுப் போய்விடும். பெயர் சொல்லிக் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.