பட்டுக்குப் பக்கத்தில் வேகவதி

காஞ்சிபுரம் என்றாலே கோயில், பட்டு, கோயில் இட்லி. இந்த முறை பிள்ளைகளோடு போகிறீர்களா? வேகவதி ஆற்றையும் காட்டுங்கள்.

கர்நாடகத்துப் பட்டு நூலும் சூரத் ஜரிகையும் இங்கே தறியில் சேர்ந்து புடவையாகின்றன. பழைய பட்டுப்புடவையைக்கூட வீணாக்குவதில்லை. ஜரிகையில் உள்ள வெள்ளிக்காக விலைக்கு வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால், நூலுக்குச் சாயம் போட்ட தண்ணீர் எங்கே போகும்? சாயக்கழிவும் சாக்கடையும் கலந்து நொந்து கிடக்கிறது வேகவதி.

இப்படிக் கேள்வி கேட்கப் பிள்ளைகளைப் பழக்குகிறது 'எக்கோ-ஸ்கூல்ஸ்' என்ற சர்வதேசப் பள்ளித் திட்டம். 1992 ரியோ மாநாட்டின் தொடர்ச்சியாக, 1994-ல் டென்மார்க், ஜெர்மனி, கிரீஸ், பிரிட்டன் ஆகிய 4 நாடுகளில் தொடங்கியது, இந்தியாவுக்கும் வந்திருக்கிறது. மாணவர்களே குழு அமைத்து, தங்கள் பள்ளியில் செலவாகும் தண்ணீர், மின்சாரம், சேரும் குப்பை எல்லாவற்றையும் கணக்கெடுத்து, குறைக்க வழி தேடுவார்கள். ஒரு நாட்டுப் பள்ளியின் அனுபவம் இன்னொரு நாட்டுப் பள்ளிக்குக் கைகொடுக்கும்.

அதே வேலையை நம் பிள்ளைகள் காஞ்சியில் செய்து பார்க்கலாம். மழைக்காலம் என்றால் திருமுக்கூடல் வரை போய்வாருங்கள். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம் அது. ஊருக்குள் பார்த்த தண்ணீரையும் அங்கே பார்க்கும் தண்ணீரையும் பிள்ளைகளே ஒப்பிட்டு எழுதட்டும். புடவை எடுக்கும்போது, சாயத்தண்ணீரை எப்படிச் சுத்திகரிக்கிறார்கள் என்று கடைக்காரரிடம் அவர்களே கேட்கட்டும்.