துண்டு சொன்ன ரகசியம்!

"டேய் மாப்ள... உள்ள குளிக்கிறியா, குடித்தனம் நடத்துறியா?"

மூணாறில் ஒரு லாட்ஜ். ராத்திரி 11.30 மணி. பாத்ரூம் கதவை டமடமவென்று தட்டிக்கொண்டிருந்தார்கள் நாலு பேர். உள்ளே நான். குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர்ச் சத்தம் காட்டிக்கொண்டு, விரல் நுனியில் ஒரு பட்டாணி அளவு மருந்தோடு, கண்ணாடி முன்னால் திருடன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

"வயிறு சரியில்லடா!" என்று கத்தினேன். கூட்டம் கலைந்தது. டூர் போகும்போதெல்லாம் என் வயிறு வாங்கிய கெட்ட பெயருக்கு அளவே இல்லை பாஸ்!

சத்தியமாக என் வயிற்றுக்கு ஒன்றும் இல்லை. பிரச்னை... மூஞ்சி!

எனக்கு ஊர் மதுரை, செல்லூர். எங்க ஏரியாவின் சத்தம் தறிச் சத்தம். பெருமை கபடி. ரவுண்டானாவில் கபடி வீரர்களுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட ஊர்ப் பையன் ஒருத்தன், படுக்கப் போகும் முன் முகத்துக்கு விதவிதமாகத் தடவுகிறான் என்று தெரிந்தால்? டீக்கடையில் ஒரு வாரம், காலேஜில் ஒரு வருஷம் லந்து கொடுத்தே சாகடித்துவிடுவார்கள். கொரியாக்காரர்கள் முகத்துக்கு 10 ஸ்டெப் செய்வதை ரீல்ஸில் பார்த்தால், 'செம'ன்னு லைக் போடுவானுங்க. அதையே பக்கத்து பெஞ்ச்காரன் மூணு ஸ்டெப்பில் செய்தால், 'என்னடி செல்லம்' என்பானுங்க. அதான் நம்ம பயக!

ஆபரேஷன் பவுடர் டப்பா

ஃபைனல் இயர் இன்டஸ்ட்ரியல் விசிட் அது. மூன்று நாள். தேனி, போடி, போடிமெட்டு வழியாக மூணாறு ஏறி ஒரு டீ ஃபேக்டரி. அங்கிருந்து கொச்சி. எல்லோரும் பாட்டு லிஸ்ட் தயார் பண்ணிக்கொண்டிருந்தபோது, நான் மட்டும் பாட்டில்களை மாற்றிக்கொண்டிருந்தேன்.

காலையில் முகம் கழுவி, மாய்ஸ்சரைசர் போட்டு, அதுக்கு மேலே எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்க்ரீன். சும்மா பொட்டு வைக்கிற மாதிரி இல்லை... ரெண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகம், கழுத்து முழுக்கப் போடணும். ராத்திரி பென்சாயில் பெராக்ஸைடு கலந்த வாஷால் கழுவி, நல்லாக் காயவிட்டு, அடாபலின் ஜெல் பட்டாணி அளவு. மறுபடி மாய்ஸ்சரைசர். இது டாக்டர் போட்டுத் தந்த டைம்டேபிள். ஒரு நாள் விட்டால் உலகம் அழியாது. ஆனால், டூரில் நல்ல வெயிலில் சுத்தும்போது சன்ஸ்க்ரீனை விடக் கூடாது. அடாபலின் போடுகிற தோலுக்கு வெயில் சீக்கிரம் சுடும்.

எனவே, சன்ஸ்க்ரீன் பழைய தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் போனது. மாய்ஸ்சரைசருக்கு இருமல் மருந்து பாட்டில். வாஷை ஷாம்பு பாட்டிலில் ஊற்றினேன். ஜெல் ட்யூபை சாக்ஸுக்குள் சுருட்டி, அந்த சாக்ஸைப் பவுடர் டப்பாவுக்குள் திணித்தேன். காலையில் எல்லோருக்கும் முன்னால் 5 மணிக்கே எழுந்து வேலையை முடித்துவிட வேண்டியது. பஸ்ஸில் யாராவது, "தலைக்கு எண்ணெய் குடுறா" என்றால்? அதுக்கும் பொய் ரெடி... "அது எங்க அப்பத்தா காய்ச்சினது மாப்ள, மூலிகை. நாத்தம் தாங்க மாட்ட!"

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால், இந்தக் கதையின் முதல் அத்தியாயத்தில் சிரிக்க ஒன்றும் இல்லை.

ரெண்டே வாரத்தில் கலர்!

ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்தபோது எனக்குக் கன்னம் நிறையப் பரு. கூடவே மாநிறத்துக்கும் ஒரு பிடி தூக்கலான கறுப்பு. ஒரு மெடிக்கல் ஷாப்பில் போய், "பருவும் போகணும், கலரும் வரணும்ணே" என்று கேட்டேன். சின்னதாக ஒரு ட்யூபை எடுத்துக் கொடுத்தார்கள். சீட்டு கேட்கவில்லை. நானும் அட்டையைப் படிக்கவில்லை.

ரெண்டே வாரம்... பரு அமுங்கிவிட்டது, முகம் பளிச்! சித்தி முதல் செக்யூரிட்டி அண்ணன் வரை, "என்ன தம்பி, கலராயிட்ட?" என்றார்கள். "பயத்தமாவு" என்று கூசாமல் பொய் சொன்னேன். அந்த வருஷம் அலங்காநல்லூர் பக்கம் ஒரு கிராமத்தில் 7 நாள் என்.எஸ்.எஸ். கேம்ப். ஒரே ஹாலில் 50 பேர் படுக்கை. அங்கேயும் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு தடவினேன். ஒரு நாள்கூட விடவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து பில் வந்தது. கன்னமெல்லாம் செக்கச்செவேல். தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிசாகி, உள்ளே நரம்பு தெரிந்தது. வெயிலில் இறங்கினால் மிளகாய் அரைத்துப் பூசின எரிச்சல். பழைய பருவோடு புதுப் பருவும் சேர்ந்துகொண்டது. நிறுத்திப் பார்த்தேன்... நாலாம் நாள் கண்ணாடியில் என்னையே எனக்கு அடையாளம் தெரியவில்லை. பயந்துபோய் திரும்பப் போட்டேன். அடங்கியது. இப்படியே ஆடுபுலி ஆட்டம்.

கடைசியில் அம்மாதான் கையைப் பிடித்து இழுக்காத குறையாக, கோரிப்பாளையம் தாண்டி பெரியாஸ்பத்திரி தோல் பிரிவுக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மா ட்யூபைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"தம்பி, இது ஸ்டீராய்டு. யாரு எழுதிக் குடுத்தா?"

"யாரும் எழுதித் தரல மேடம்... கேட்டேன், குடுத்தாங்க."

நான் வாங்கியது விளம்பரத்தில் வருகிற ஃபேர்னஸ் க்ரீம்கூட இல்லை. தோல் வியாதிக்கு, டாக்டர் சொல்கிற இடத்தில், சொல்கிற நாளுக்கு மட்டும் போடவேண்டிய மருந்து. ரத்தக்குழாய்களைச் சுருக்கி, வீக்கத்தை அமுக்குவதால் முதலில் முகம் வெளுத்து, தெளிந்த மாதிரி தெரியும். மாசக்கணக்கில் போட்டால் தோலே மெலிந்துவிடும். நிறுத்தினால் அமுக்கி வைத்ததெல்லாம் மொத்தமாகப் பொங்கும். எரிச்சல் அடங்கி, பருவுக்கு முறையான மருந்தை ஆரம்பிக்கவே எனக்குப் பல மாதம் ஆனது.

வீங்கிய மூஞ்சியோடு காலேஜ் போனபோது பசங்க கேட்டார்கள். "உடம்புச் சூடுடா" என்றேன். ஸ்டீராய்டு என்ற வார்த்தையை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், கலராக ஆசைப்பட்ட கதையையும் சேர்த்துச் சொல்லணுமே!

பேய்க் கை

சரி, மூணாறுக்கு வருவோம். ரெண்டாம் நாள் காலை. எங்க ரூமில் ஒரே அலறல்.

"டேய்... எவன்டா என் துண்டை இப்படிப் பண்ணது?"

அலறியவன் எங்க டீமின் ரைடர். பெயர் வேண்டாம், 'கபடி' என்று வைத்துக்கொள்வோம். அவன் கையில் மெரூன் கலர் துண்டு. அதில் ஆரஞ்சு நிறத்தில் அஞ்சு விரலும் பதிந்த மாதிரி திட்டுத் திட்டாக வெளுப்பு. "மூணாறு பேய் கை வெச்சுட்டுப் போயிருக்குடா!" என்று ரூமே விழுந்து விழுந்து சிரித்தது.

எங்க அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்ப்பவர். நூலை வெளுக்க பெராக்ஸைடு ஊற்றுவதைச் சின்ன வயதில் இருந்தே பார்த்திருக்கிறேன். கறையைப் பார்த்த செகண்டே புரிந்துவிட்டது. ராத்திரி இருட்டில் என் துண்டு என்று நினைத்து அவன் துண்டில் முகம் துடைத்திருக்கிறேன். முகம் கழுவுகிற வாஷிலும் பெராக்ஸைடு குடும்பத்து ஆள்தானே இருக்கிறார்? துணியில் கொஞ்சம் ஒட்டினாலும் சாயத்தைத் தின்றுவிடும். அதனால்தான் வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். டூரில் வெள்ளைத் துண்டை எடுத்தால் சந்தேகப்படுவார்கள் என்று நான்தான் கலர் துண்டோடு வந்திருந்தேன். அதிபுத்திசாலி!

வாயைத் திறக்கவில்லை. டீ ஃபேக்டரிக்குக் கிளம்பினோம். அங்கே இலையைக் கசக்கும் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கபடி பக்கத்தில் வந்து நின்றான். சண்டைக்குத்தான் வருகிறான் என்று நினைத்தேன்.

"மாப்ள... துண்டு நீதான? தெரியும். அத விடு. நீ இப்ப என்ன க்ரீம் போடுற? எனக்குக் கொஞ்சம் குடேன். என்னோடது தீந்து ஒரு வாரம் ஆச்சு. மூஞ்சி தீயா எரியுதுடா..."

அப்போதுதான் அவனை ஒழுங்காகப் பார்த்தேன். எப்போதும் தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டிருப்பான். ஸ்டைல் என்று நினைத்திருந்தோம். தொப்பிக்குக் கீழே கன்னம் ரெண்டும் பழுத்த தக்காளி. பேக்கில் இருந்து நசுங்கின ட்யூப் ஒன்றை எடுத்துக் காட்டினான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அதே ட்யூப். நான் போட்ட அதே ட்யூப்!

"இது உனக்கு எப்படிடா..?"

"உங்கிட்ட இருந்துதான். என்.எஸ்.எஸ். கேம்ப்ல போர்வைக்குள்ள தடவுனீல்ல? நீ தூங்கினப்புறம் பேரைப் பாத்து வெச்சுக்கிட்டேன். நீ செம கலராயிட்டீல... கேட்டா சிரிப்பீனு கேக்கல."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் நிறுத்தி, பெரியாஸ்பத்திரிக்கு நடந்து, தேறி வருகிற அந்த நாளெல்லாம் இவன் விட்டு விட்டுப் போட்டிருக்கிறான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து! 'கலராயிட்டடா மாப்ள' என்று நானே அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

எல்லாத்தையும் சொன்னேன். ஸ்டீராய்டு, ஆஸ்பத்திரி, 'உடம்புச் சூடு' பொய்... எல்லாம். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மெதுவாகத்தான் கேட்டான்.

"நிறுத்தினன்னைக்கே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லடா..."

இதுக்கு என்னிடம் இன்னிக்கு வரை பதில் இல்லை.

நாம மட்டுமா மறைக்கிறோம்?

கொச்சிக்குப் போகிற பஸ்ஸில் இருமல் மருந்து பாட்டிலைப் பகிரங்கமாக வெளியே எடுத்தேன். கபடிக்கு மாய்ஸ்சரைசர், தேங்காய் எண்ணெய் பாட்டிலில் இருந்து சன்ஸ்க்ரீன். என் ஜெல்லை மட்டும் தரவில்லை. ஏற்கெனவே எரிகிற தோலுக்கு அது ஆகாது. பசங்க எதிர்பார்த்த மாதிரியே ஓட்டினார்கள். முன் சீட்டில் இருந்து ஒரு தோழி திரும்பினாள்.

"நீங்க பரவால்லப்பா. நாங்க போட்டா 'பியூட்டி பார்லரா'ங்கிறீங்க. போடலைன்னா 'ஏன் டல்லா இருக்க, உடம்பு சரியில்லையா'ங்கிறீங்க. நாங்களும் பாத்ரூம்லதான் போட்டுட்டு வர்றோம்!"

பஸ் ஒரு நிமிஷம் கப்சிப்!

யோசித்தால், இந்த ஒளிவுமறைவு நம்மோடு ஆரம்பித்ததும் இல்லை. 'ஃபேர் அண்ட் லவ்லி' 1975-ல் வந்தது. ஆண்களுக்கென்றே 'ஃபேர் அண்ட் ஹேண்ட்ஸம்' 2005-ல் வந்தது. கறுப்பாக இருப்பது குறை என்று மூன்று தலைமுறைக்குப் பாடம் நடந்தது. 2009-ல் சென்னையில் இருந்து 'டார்க் இஸ் ப்யூட்டிஃபுல்' என்ற பிரசாரம் கிளம்பியது. 2020-ல் 'ஃபேர் அண்ட் லவ்லி'யே 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பெயரை மாற்றிக்கொண்டது. டப்பாவில் பெயர் மாறியது. 'கலராயிட்ட' என்று பாராட்டுகிற நம்ம வாய் மாறவில்லை.

ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றை 2018-லேயே மத்திய அரசு, டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கவேண்டிய பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனாலும், கேட்டால் கிடைக்கிற கடைகள் இருக்கத்தான் செய்கின்றன. அதனால், உங்கள் ட்யூபை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன்... இதில் எந்தப் பெயர் இருந்தாலும், டாக்டர் எழுதித் தராமல் முகத்தில் போடாதீர்கள். மாசக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால், நீங்களாகத் திடீரென்று நிறுத்தியும் அவஸ்தைப்படாதீர்கள். தோல் டாக்டரிடம் ட்யூபோடு போய் நில்லுங்கள்.

நாங்கள் நின்றோம். திங்கட்கிழமை காலை, பெரியாஸ்பத்திரி ஓ.பி. க்யூவில் நானும் கபடியும். அதே டாக்டரம்மா. அதே கேள்வி. இந்த முறை பதில் சொன்னது நான். "என்னைப் பாத்து வாங்கினான் மேடம்."

இப்போது அஞ்சு மாதம் ஆகிறது. கபடிக்கு எரிச்சல் குறைந்திருக்கிறது. முழுசாகப் போகவில்லை. மத்தியான மேட்ச் என்றால் இன்னும் கன்னம் சிவந்துவிடுகிறது. அவனுக்குப் புதுத் துண்டு வாங்கிக் கொடுத்துவிட்டேன். பேய்க் கைத் துண்டு என்னிடம்.

போன மாதம் ஒரு நண்பனின் அண்ணன் கல்யாணத்துக்குத் திருச்செந்தூர் போயிருந்தோம். ஒரே ரூமில் எட்டுப் பேர். ராத்திரி எல்லோர் முன்னாலேயும் உட்கார்ந்து, ஜெல் ட்யூபை ஜெல் ட்யூபாகவே எடுத்து வைத்தேன். "மாப்ள, மாய்ஸ்சரைசரை இங்குட்டுத் தள்ளு" என்று கபடி சத்தமாகவே கேட்டான். அப்புறமென்ன... ஒரு மணி நேரம் லந்தான லந்து. சிரித்துச் சிரித்து ஒருவழியாக லைட்டை அணைத்தோம்.

பத்து நிமிஷம் இருக்கும். எங்களை அதிகமாக ஓட்டின பயல் பைய நகர்ந்து என் பாய்க்கு வந்தான். காதுக்குள் கிசுகிசுத்தான்.

"பங்காளி... எங்கிட்டயும் ஒரு ட்யூப் இருக்கு. பின்னாடி என்ன பேர் போட்டிருக்குனு கொஞ்சம் பாத்துச் சொல்றியா?"

செல்போன் டார்ச்சைப் போட்டேன்.