மூன்று விரல் அகலம்

புதிதாகக் கிளினிக் திறக்கும் பல் டாக்டருக்கு இரண்டு கவலைகள். நோயாளி வருவாரா? வந்தவர் வலி தீர்ந்த பிறகும் வருவாரா? மும்பை ஆண்டாப் ஹில்லில் ஒரு சின்னக் கடையறையில் பெயர்ப் பலகை மாட்டியிருக்கும் 27 வயதுப் பெண்ணுக்கு முதல் கவலை சீக்கிரமே தீர்ந்துவிட்டது. இரண்டாவது தீர்வதாக இல்லை.

இடம் அவருக்குப் புதிதல்ல. இங்குள்ள மத்திய அரசு ஊழியர் குடியிருப்பில்தான் வளர்ந்தார். அப்பா ஓய்வு பெற்றதும் வீட்டை ஒப்படைத்துவிட்டுக் குடும்பம் நெருலுக்குப் போனது. இப்போது தினமும் ஹார்பர் லைன் ரயிலில் குரு தேக் பகதூர் நகரில் வந்து இறங்குகிறார். பழையவர்களுக்கு அந்த ஸ்டேஷன் இன்றும் கோலிவாடாதான். தேசப் பிரிவினைக்குப் பின் வந்த அகதிகள் குடியேறிய பகுதி அது. இன்னொரு பக்கம், உப்பளத்தின் பெயரை இன்னும் சுமக்கும் கோக்ரி ஆகர். சற்றுத் தள்ளி தாராவி. ‘வாயைத் திறங்க’ என்பதை மராத்தி, இந்தி, திருநெல்வேலித் தமிழ் மூன்றிலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பல் கிளினிக் வைக்க மேஜையும் ஸ்டெதஸ்கோப்பும் போதாது. நாற்காலிக்குத் தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், காற்றழுத்தத்துக்கு கம்ப்ரஸர், கருவிகளைக் கொதிநீராவியில் சுத்தம் செய்ய ஆட்டோகிளேவ். தரையைத் தோண்டக் கடைக்காரர் சம்மதிக்க வேண்டும். ஒப்பந்தமோ 11 மாதம். பெருமழையில் இங்கே தண்ணீர் தேங்கும் என்பது சிறு வயதிலிருந்தே தெரியுமாதலால் கம்ப்ரஸரை உயரமான மேடையில் ஏற்றிவைத்தார். வங்கிக் கடனின் மாதத் தவணை மட்டும் எந்த மழைக்கும் நிற்பதில்லை.

வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்பது ஒன்றே: “பிடுங்கி விட்டுடுங்க.” ரூட் கெனால் செய்தால் பல்லைக் காப்பாற்றலாம் என்றால் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். அதில் தப்பில்லை. பிடுங்குவதற்குச் சில நூறு, காப்பாற்றுவதற்குச் சில ஆயிரம் என்றால் தினக்கூலிக்காரர் வேறெப்படிப் பார்ப்பார்?

ஆனால் டாக்டரைத் தூங்கவிடாதது பல் அல்ல. அதைச் சுற்றியிருக்கும் வாய். ‘மிஷ்ரி’ எனப்படும் வறுத்த புகையிலைத் தூளால் பல் தேய்க்கும் மராத்திப் பெண்கள், பான் மசாலா மெல்லும் டிரைவர்கள், பாக்கு இல்லாமல் பொழுது போகாத நம்மூர் ஆச்சிகள். மகாராஷ்டிரத்தில் 2012ல் குட்காவுக்குத் தடை வந்தது. மெல்லுகிற பழக்கத்துக்கு யார் தடை போடுவது?

தொடர்ந்து பாக்கு மெல்லுபவர்களுக்குக் கன்னத்தின் உட்புறத் தோல் வெளுத்து நாராக இறுகும். காரம் எரியும். மெல்ல மெல்ல வாய் திறப்பதே குறையும். கிழக்கு ஆப்பிரிக்காவில் வசித்த ஐந்து இந்தியப் பெண்களிடம் ஷ்வார்ட்ஸ் என்பவர் 1952ல் இதைக் கண்டு எழுதினார். அடுத்த ஆண்டே பம்பாய் மருத்துவர் ஜோஷி இங்குள்ள நோயாளிகளைப் பற்றி எழுதினார். இது புற்றுநோய் அல்ல, ஆனால் சிலருக்கு அப்படி மாறும். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004ல் அறிவித்தது. டாக்டர் இதைச் சொன்னபோது ஓர் ஆச்சி கேட்டார்: “தாம்பூலத்துல வைக்கிற பாக்கையா சொல்லுதிய, டாக்டரம்மா?”

சோதனை எளிது. நடுவிரலோடு இருபக்க விரல்களையும் சேர்த்து நிமிர்த்திப் பல்வரிசைகளுக்கு நடுவே நுழைக்க வேண்டும். பொதுவாக மூன்று விரலும் போகும். கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வந்த ஆட்டோ டிரைவருக்கு இரண்டு விரலே சிரமப்பட்டது. வயது 34.

“புண்ணெல்லாம் இல்ல மேடம். பல்லைப் பிடுங்குங்க, அதுக்குத்தானே வந்தேன்.”

சொன்னால் பயந்து வேறு கிளினிக்குக்குப் போய்விடுவார். சொல்லாவிட்டால் பணமும் கிடைக்கும், வாடிக்கையும் நிற்கும். தொழிலில் ஊன்றிய ஒரு சீனியர், “முதலில் பல்லைக் கவனி, பேச்சு அப்புறம்” என்று ஆலோசனை சொல்லியிருந்தார். அனுபவசாலியின் பேச்சுதான். ஆனால் அந்த ‘அப்புறம்’ பல பேருக்கு டாடா மெமோரியல் வாசலில்தான் வருகிறது.

சொல்லிவிட்டார். “அண்ணே, பல்லுக்கு அவசரமில்ல. பாக்கை இன்னைக்கே நிறுத்துங்க.” வலிக்கு மாத்திரை, நாயர் பல் மருத்துவக் கல்லூரிக்கு ஒரு கடிதம். கட்டணம் வாங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அவர் மனைவி வந்தார். பல் கூச்சம் என்றார். பேச்சுவாக்கில், கடிதம் வண்டியிலேயே கிடக்கிறது என்றும், வலி நின்றுவிட்டதால் அவர் போகவில்லை என்றும் சொன்னார். டாக்டர் இன்னொரு கடிதம் எழுதினார். காலையிலேயே போய்ச் சீட்டு வாங்க வேண்டும், ஒரு நாள் சவாரி போகும் என்பதையும் மறைக்கவில்லை. “நீங்களும் கூடப் போங்கக்கா.”

மேஜை டிராயரில் ஒரு நோட்டு இருக்கிறது. வாய் இறுகியவர்களின் பெயர், தேதி, திறப்பின் அளவு. பக்கத்தில் மறுமுறை வந்தால் எழுத இன்னொரு கட்டம். டிரைவரின் பெயருக்கு நேரே 22 மில்லிமீட்டர் என்று இருக்கிறது. பக்கத்துக் கட்டம் காலி.