மேற்படிப்புக்கு ஒரு விண்ணப்பம்

1969இல் ஆரம்பமாகி, கெலுகோரில் பிரிட்டிஷ் படையினரின் பழைய மிண்டன் முகாமில் நிலைபெற்றிருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு, இரசாயன சாஸ்திரத்தில் ஆராய்ச்சி வழி முதுநிலைப் பட்டத்தின் பொருட்டு நேற்று விண்ணப்பம் அனுப்பினேன்.

பார்மிக் அமிலம் பட்டதும் உறைந்துவிடும் ரப்பர்ப் பால், அமோனியாவைச் சேர்த்தால் துகள்கள் தம் எதிர்மின்னூட்டத்தை இழக்காது ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே இருப்பதால் நெடுநாள் திரவமாகவே நிற்கும் அதிசயத்தை, பால்மரம் சீவிய பாட்டியின் பேத்தியாகிய நான் பாடம் கேட்டு மட்டும் திருப்தியடைய இயலாது. ஆய்வுக்கூடமே எனக்கு உகந்தது என்று நிச்சயித்தேன்.

பல்கலைக்கழகத்தின் கீர்த்தியைக் காட்டிலும் வழிகாட்டும் பேராசிரியரே பிரதானம் என்பது என் அபிப்பிராயம். தம்பி தங்கைகளே, அவருடைய கட்டுரைகளை வாசித்து, அவருக்கு முன்கூட்டியே எழுதி, அவரிடம் பயிலும் மாணவர்களையும் விசாரித்த பின்னரே படிவத்தைத் தொடுங்கள். உதவித்தொகையைப் பற்றியும் அப்போதே கேளுங்கள். அதில் சங்கோசம் வேண்டாம்.