வெடியும் விக்கெட்டும்

"அஷ்வின் ஓய்வு பெற்றுவிட்டார். நம் பத்திரிகையில் ஒரு வரி கூட வரவில்லையே?" என்று கேட்டார் ஆசிரியர்.

"மேற்கு மாம்பலத்தில் நாலு பேரைப் பார்த்துக் கேட்டு எழுதிவிடுகிறேன், ஸார்" என்றேன் நான்.

"மாம்பலத்தில் கேட்டால் 'எங்கள் தெருப் பிள்ளை' என்று புகழ்வார்கள். இந்தியா ஜெயித்தால் ஊர் ஊராகப் பட்டாசு வெடிக்கிறார்களே, அது எங்கிருந்து வருகிறது? அந்த ஊரில் போய்க் கேளுங்கள். தீபாவளியும் வருகிறது!"

பத்திரிகை ஆசிரியர்களின் சிக்கனம் உங்களுக்குத் தெரியாது, வாசகிகளே! ஒரே ரயில் சார்ஜில் கிரிக்கெட்டும் தீபாவளியும் முடிந்துவிட வேண்டும் அவருக்கு. அப்படியாக, 2025 தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பு, இன்னும் இருட்டுப் பிரியாத ஒரு காலையில் விருதுநகர் ஸ்டேஷனில் இறங்கினேன்.

கல்லூரியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த சிநேகிதி அங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கணவருக்குப் பருப்பு வியாபாரம். மூத்தவள் பதினோராம் வகுப்பு. இளையவன் எட்டாம் வகுப்பு. இவர்களை எல்லாம் ஆளுவதற்கு மாமியார் ஒருவர் இருக்கிறார். ஊரே அவரை 'ஆச்சி' என்கிறது. நானும் அப்படியே அழைத்தேன்.

விருதுநகரை நீங்கள் பார்த்திராவிட்டாலும் அதன் வாசனை உங்கள் சமையலறைக்கு வந்திருக்கும். மிளகாய் வற்றல், பருப்பு, எண்ணெய் எல்லாம் இந்தக் கடைவீதியில் விலை பேசிப் பல ஊர்களுக்குப் போகின்றன. தெருவில் நடந்தால் மிளகாய் நெடியில் ஒரு தும்மல்; அடுத்த தெருவில் செக்கெண்ணெய் மணம்; அதற்கடுத்த தெருவில் இன்னொரு தும்மல். ராத்திரியானால் எண்ணெயிலே பொரித்தெடுத்த பரோட்டா.

காலைப் பலகாரம் முடிந்ததும் நான் வந்த காரியத்தைச் சொன்னேன். வீடு இரண்டாகப் பிரிந்துவிட்டது!

கிரிக்கெட்டைப் பற்றி அதிகம் கவலைப்படாத வாசகிகளுக்காக ஒரு சிறு முன்னுரை. ரவிச்சந்திரன் அஷ்வின் 1986-ல் சென்னையில் பிறந்தவர். என்ஜினீயரிங் படித்தவர். 2011-ல் டெஸ்ட் ஆட்டத்துக்கு வந்தார். 106 டெஸ்டுகளில் 537 விக்கெட். இந்தியர்களில் அனில் கும்ப்ளே ஒருவர்தான் அவரைவிட அதிகம். பந்து வீசுகிறவர் மட்டுமல்ல, 6 சதமும் அடித்திருக்கிறார். 2024 டிசம்பர் 18 அன்று ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரில், தொடர் பாதியில் இருக்கும்போதே, சர்வதேச ஆட்டத்துக்கு விடை சொன்னார். 2025 ஆகஸ்டில் ஐ.பி.எல்.லுக்கும் சொல்லிவிட்டார்.

"வியாபாரிக் கணக்காப் பார்ப்போம்" என்று ஆரம்பித்தார் வீட்டுக்காரர். "537-ல 383 நம்ம ஊர் மண்ணுல எடுத்தது. உள்ளூர்ச் சந்தையில அவர் ராஜா. வெளியூர்ச் சந்தையில? பல தடவை சரக்கைக் கடைக்கு வெளியிலயே வச்சிட்டாங்க. 2021-ல இங்கிலாந்துல நாலு டெஸ்ட், ஒண்ணுல கூடச் சேர்க்கலை."

"சேர்க்காதது அவர் தப்பாப்பா?" என்று பையன் துள்ளி எழுந்தான். "சிட்னியை மறந்துட்டீங்களா?"

சிட்னி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவன் வாயால் கேட்க ஆசைப்பட்டேன். 2021 ஜனவரி. கடைசி நாள். தோற்காமல் தப்பித்தால் போதும் என்ற நிலைமை. அன்று காலை முதுகுவலியில் நிமிர்ந்து நிற்கக்கூட முடியாமல் இருந்தார் என்று அஷ்வினின் மனைவியே பின்னால் எழுதினார். அந்த முதுகோடு 128 பந்துகளுக்கு நின்றார், எதிர்ப்பக்கத்தில் தொடை பிடித்துக்கொண்ட விஹாரியோடு. பந்து மார்பில் பட்டது, விலாவில் பட்டது. ஆள் அவுட்டாகவில்லை. ஆட்டம் டிரா.

"ஆட்டக்காரர்னா அவர்தான்!" என்றான் பையன். அந்த வருஷமே பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் ஒரே டெஸ்டில் ஐந்து விக்கெட்டும் எடுத்து, சதமும் அடித்ததைச் சொன்னான். 2022-ல் மெல்போர்னில், பாகிஸ்தானுக்கு எதிராகக் கடைசி ஓவரில், எல்லாருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும் நேரத்தில், ஒரு பந்தைத் தொடாமல் 'வைட்' என்று விட்டாரே, அதையும் சொன்னான்.

"சரி, 2025-ல மஞ்சள் சட்டை போட்டுச் சென்னைக்கு ஆடினாரே, அது?" என்று கேட்டார் அப்பா.

பையன் பதில் சொல்லவில்லை. அந்த வருஷம் சென்னை அணி பட்டியலில் கடைசி. 9 ஆட்டத்தில் அஷ்வினுக்கு 7 விக்கெட். போற்றிய வாய்களே தூற்றின.

இதுவரை பேசாமல் இருந்தவள் பெண். பள்ளிக்கூட அணியில் ஆடுகிறாளாம். "அத்தை, பட்லர் விஷயத்தை எழுதுவீங்கதானே?" என்றாள்.

எழுதாமல் முடியுமா? உலகம் முழுவதும் அஷ்வினைத் திட்டிய விஷயம் அது. பந்து வீசுகிறவர் ஓடி வரும்போது, அவர் பக்கத்தில் நிற்கும் மட்டையாளர் முன்கூட்டியே கோட்டைத் தாண்டிப் போனால், பந்தை வீசாமல் குச்சியைத் தட்டி அவுட் ஆக்கலாம். 1947-ல் வினு மன்கட் சிட்னியில் பில் பிரவுனை அப்படி அவுட் ஆக்கினார். அன்றிலிருந்து அவர் பெயரையே அந்தச் செயலுக்கு ஒரு வசவாக வைத்துவிட்டார்கள். 2012-ல் பிரிஸ்பேனில் அஷ்வின், இலங்கையின் திரிமன்னேவை அதே மாதிரி அவுட் ஆக்கினார். தலைமை தாங்கிய சேவாக், பெருந்தன்மை என்று முறையீட்டை வாபஸ் வாங்கிக்கொண்டார். 2019 மார்ச் 25 அன்று ஜெய்ப்பூரில், பஞ்சாப் அணிக்கு அஷ்வினே தலைவர். பட்லரை அவுட் ஆக்கினார், வாபஸ் வாங்கவில்லை. "விதியில் இருக்கிறது, செய்தேன்" என்பதுதான் அவர் கட்சி. உலகத்தின் நல்லொழுக்க ஆசிரியர்கள் எல்லாரும் பிரம்பை எடுத்தார்கள்.

"அவர் செஞ்சது சரி" என்றாள் பெண், தீர்மானமாக. "முன்னாடியே ஓடறவரை விட்டுட்டு, பிடிச்சவரைத் திருடன்னா எப்படி? 2022-ல லார்ட்ஸ்ல தீப்தி சர்மாவும் அதைத்தான் செஞ்சாங்க. அவங்களையும் திட்டினாங்க. அஷ்வின் அவங்க பக்கம் பேசினார்."

அவள் கட்சிக்குச் சட்டமும் துணை இருக்கிறது. அதே 2022 அக்டோபரிலிருந்து அந்த விதியை 'முறையற்ற ஆட்டம்' என்ற பிரிவிலிருந்து எடுத்துச் சாதாரண 'ரன் அவுட்' பிரிவில் சேர்த்துவிட்டார்கள். பிற்பாடு அஷ்வினும் பட்லரும் ராஜஸ்தானுக்காக ஒரே அணியில் ஆடினார்கள்!

"அப்படியானால் நீ அஷ்வின் கட்சி" என்றேன்.

"இல்லை" என்றாள். அவள் முகம் வாடியிருந்தது. "2025 ஜூன்ல கோயம்புத்தூர் மேட்ச் பார்த்தீங்களா?"

பார்த்தேன். தமிழ்நாடு பிரீமியர் லீக். திண்டுக்கல் அணியின் தலைவர் அஷ்வின். எல்.பி.டபிள்யூ. என்று விரலை உயர்த்திய நடுவர் ஒரு பெண்மணி. பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்தது போலத்தான் டெலிவிஷனில் தெரிந்தது. அஷ்வின் அவரிடம் வாதாடினார். கோபத்தோடு மட்டையால் காலில் அடித்துக்கொண்டு வெளியேறினார். அபராதம் விதித்தார்கள்.

"விதி விதின்னு சொன்னவர் அவர். நடுவர் சொன்னா ஒத்துக்கணும்கிறதும் விதிதானே, அத்தை? எங்க ஸ்கூல்ல ரெண்டு பேர் அம்பயர் வேலைக்குப் படிக்கணும்னு இருக்காங்க. அன்னிக்கு அவங்க டி.வி.யை நிறுத்திட்டாங்க."

ஆண் நடுவரிடம் ஆட்டக்காரர்கள் கோபித்துக்கொண்டதே இல்லையா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவள் கேள்வி அதுவல்ல. பட்லருக்கு ஒரு தராசு, தனக்கு ஒரு தராசா என்பதுதான் கேள்வி. அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

அப்போதுதான் ஆச்சி பேசினார். பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே, "அந்தப் பிள்ளை அவுக அம்மாவுக்கு ஒடம்பு முடியலைன்னதும் ஆட்டத்தை விட்டுட்டு ஓடியாந்தானே, அவன்தானே?" என்று கேட்டார்.

ஆமாம், அவர்தான். 2024 பிப்ரவரியில் ராஜ்கோட்டில் 500-வது விக்கெட்டை எடுத்தார். அன்று இரவே தாயாரைப் பார்க்கச் சென்னைக்குப் பறந்தார். ஆட்டத்தின் நாலாம் நாள் திரும்பி வந்து பந்தும் வீசினார்.

"அது போதும் எனக்கு" என்றார் ஆச்சி. பிறகு என்னைப் பார்த்து, "எங்க ஊரு லெச்சணம் உனக்குத் தெரியுமா தாயி? அறுபத்தேழுல காமராசரைத் தோக்கடிச்சது யாரு? நாங்கதான். எனக்குப் பத்து வயசு. எங்க அய்யா மாத்தி ஓட்டுப் போட்டுட்டு வந்து, ராத்திரி சேதி தெரிஞ்சதும் சாப்பிடலை. 'இவ்வளவு தூரம் போகும்னு நெனைக்கலையே'ன்னாரு" என்றார்.

சாயங்காலம் காமராஜரின் இல்லத்துக்குப் போனேன். சின்ன வீடு, இப்போது நினைவகம். ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளியில் மதியச் சோறு போட்டவர், 1963-ல் முதலமைச்சர் பதவியைத் தாமே விட்டு விலகியவர், 1967-ல் சொந்த ஊரில் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்கில் தோற்றார். அரிசித் தட்டுப்பாடு, மொழிப் போராட்டம் என்று அன்றைக்கு மக்களுக்குக் கோபம் இருந்தது. அந்தக் கோபத்துக்குக் காரணமும் இருந்தது. இன்றைக்கு அதே ஊர் அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறது. ஆட்டக்காரரையும் தலைவரையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று கோபிக்காதீர்கள். ஜனங்கள் கணக்குப் பார்க்கும் விதத்தைத்தான் சொல்கிறேன்.

மறுநாள் சிவகாசி. ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சுமார் 25 கிலோமீட்டர். வழியெல்லாம் மழை காணாத கரிசல், வேலிக்கருவை, நடுநடுவே தள்ளித் தள்ளிக் கட்டிய சிறு சிறு அறைகள். ஒன்றில் தீப்பிடித்தால் மற்றதற்குப் பரவக்கூடாது என்று அப்படிக் கட்டுகிறார்கள். இந்த வறண்ட பூமியிலிருந்து 1920-களில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டியிலிருந்து பட்டாசு, அதற்கு லேபிள் ஒட்ட அச்சகம் என்று ஊர் வளர்ந்தது.

அச்சகங்கள் இருக்கும் தெருவில் டீ குடிக்கும்போது ஒரு தொழிலாளியிடம், "காலண்டரில் அஷ்வின் படம் போடுவீர்களா?" என்று கேட்டேன்.

"சாமி படம் போட்டா வருஷம் பூரா தொங்கும். ஆட்டக்காரர் படம் போட்டா, அவர் ஜெயிக்கிற வரைக்கும்தாங்க தொங்கும்" என்றார் அவர்.

ரசிகர்களாகிய நம்மைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

பொழுது சாயும் நேரத்தில் பட்டாசு ஆலைப் பெண்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். விரல் நகம் வரைக்கும் வெள்ளிப் பொடி. ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கிரிக்கெட் பார்க்க நேரம் ஏது என்று சிரித்தார். "ஜெயிச்சா வெடி போடுவாங்க, அது தெரியும். அதுக்கு மேலே எங்களுக்கு என்னம்மா?" என்றார். 2012-ல் முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2018-ல் சுப்ரீம் கோர்ட் சரவெடிக்கும் பேரியத்துக்கும் தடை போட்டது. நகரத்துக் குழந்தைகளின் மூச்சை நினைத்துப் போட்டது. அதிலிருந்து வேலை நாள் குறைந்துவிட்டது என்றார். வேலை வேண்டுமா, அபாயம் வேண்டாமா என்று கேட்டேன். "ரெண்டும் ஒரே வாசல்லதானே இருக்கு" என்றார். பஸ் வந்துவிட்டது.

திரும்பும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டேன். இந்த ஊர் குழந்தைகளுக்கு வெளிச்சம் தந்தது; புகையும் தந்தது. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் அது பொய்க் கணக்கு. அஷ்வினின் கணக்கும் அப்படித்தான். பட்லர் விஷயத்தில் உலகம் ஏசியபோது அவர் பக்கம் நியாயம் இருந்தது. கோயம்புத்தூரில் நியாயம் அந்தப் பெண் நடுவர் பக்கம் இருந்தது. முடிவு தவறாகவே இருந்தாலும் மரியாதை தவறக்கூடாது. இதைச் சொன்னால் 537 குறைந்துவிடாது. 537-ஐச் சொன்னால் இது அழிந்துவிடாது. 2012-ல் அவருடைய முறையீட்டைத் திரும்பப் பெற்ற அதே பிரிஸ்பேனில்தான் 2024-ல் அவர் விடைபெற்றார். அவமானம் தாங்காமல் விலகியிருக்கலாம் என்று தந்தை சொன்னதும், தம் அப்பாவுக்குப் பத்திரிகைக்காரர்களிடம் பேசத் தெரியாது, விட்டுவிடுங்கள் என்று சிரித்துச் சமாளித்தார். நம் வீட்டுப் பிள்ளைகளும் இப்படித்தானே? ஒரு நாள் பெருமை, ஒரு நாள் தலைகுனிவு.

ரயில் ஏற ஸ்டேஷனுக்குக் குடும்பமே வந்தது. ஆச்சி ஒரு பொட்டலம் துவரம் பருப்பும், ஒரு கட்டு கம்பி மத்தாப்பும் வாங்கிக் கொடுத்தனுப்பியிருந்தார். "வெடி வகையெல்லாம் ரயிலில் கொண்டுபோகக் கூடாது" என்று மத்தாப்பைப் பையனிடமே கொடுத்துவிட்டேன்.

வண்டி நகரும்போது, "அத்தை, அந்த நடுவர் விஷயத்தை விட்டுடாதீங்க!" என்று கத்தினாள் பெண்.

"சிட்னியையும் விட்டுடாதீங்க!" என்று அவளுக்கு மேலே கத்தினான் பையன்.

இரண்டையும் விடவில்லை, பாருங்கள்.